வலி போனது, வலிமை வந்ததா?

(மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியது)



விளையாட்டு மைதானத்தில் விழாத மாணவி உண்டோ? விழுவோம், பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுவோம், முழங்காலில் தோல் உரிந்திருந்தால் குழாயடியில் கழுவிவிட்டு மீண்டும் ஓடுவோம். ஆனால் எழ முடியாத வீழ்ச்சியும் ஒன்று உண்டு என்பதை நான் பதினோராம் வகுப்பில் படிக்கும்போது, ஓர் ஆகஸ்டு மாத மாலையில் அறிந்தேன்.

மண்டலப் போட்டிக்காகக் கோ-கோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கம்பத்தைச் சுற்றி வளைந்து திரும்பினேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. யார் மீதும் நான் மோதவுமில்லை. பாதம் தரையில் ஊன்றி நின்றது. உடல் மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஓர் ஓசை கேட்டது. அவ்வளவுதான். வீடு போய்ச் சேருவதற்குள் முழங்கால் பூசணிப் பிஞ்சு போல வீங்கிவிட்டது.

அந்தக் கால் மீண்டும் என் கால் ஆவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். உங்களில் ஒருத்திக்கேனும் இது பயன்பட்டால் நான் பட்ட பாடு வீணாகாது.

ஜவ்வு என்பது யாது?

நம் மதுரைப் பக்கத்தில் "முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்வார்கள். ஜவ்வு என்ற ஒரே சொல்லால் மக்கள் இரண்டு பொருள்களைக் குறிக்கிறார்கள். ஒன்று, எலும்பை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற நார், இதுவே லிகமென்ட். மற்றொன்று, இரு எலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்த குருத்தெலும்புத் தகடு, இது மெனிஸ்கஸ். பல நேரங்களில் இரண்டும் சேர்ந்தே சேதமடைவதுண்டு.

முழங்காலில் முக்கியமான லிகமென்ட்டுகள் நான்கு. இரண்டு பக்கவாட்டில் உள்ளன. மற்ற இரண்டும் மூட்டின் நடுவே, ஒன்றன்மேல் ஒன்று பெருக்கல் குறி போலக் குறுக்காக அமைந்துள்ளன. அவற்றில் முன்பக்கம் இருப்பதே முன் சிலுவை லிகமென்ட். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஏ.சி.எல். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். நீளம் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். அகலம் நம் சுண்டுவிரல் அளவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், அளவு மீறித் திருகிக்கொள்ளாமலும் காப்பது இந்தச் சின்னஞ்சிறு நாரே.

கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து, அதன் மேல் புதுத் திசு வளர்ந்து புண் ஆறுகிறது. ஆனால் ஏ.சி.எல். மூட்டு நீருக்குள் இருக்கிறது. அங்கே இரத்தக் கட்டி நிலைத்து நிற்பதில்லை; நாருக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைவு. ஆதலால் முற்றிலும் அறுந்த நார் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை.

சுளுக்கு என்று எண்ணிய இரண்டு மாதம்

என் அப்பத்தா முதலில் என்னைச் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துச் சென்றார். அவர் நல்லவர், எங்கள் தெருவில் பலருக்குச் சுளுக்கு எடுத்தவர். எண்ணெய் தடவி, நீவி, கட்டுப் போட்டார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. "சரியாப் போச்சுத்தா" என்று அப்பத்தாவும் மகிழ்ந்தார்.

வீக்கம் வடிந்ததே தவிர, நார் ஒட்டவில்லை. பள்ளி மாடிப்படியில் இறங்கும்போது ஒரு நாள் முழங்கால் திடீரென்று நழுவியது. பேருந்திலிருந்து இறங்கும்போது மற்றொரு நாள் நழுவியது. இப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கக்கூடும் என்பதை அப்போது நான் அறியேன்.

தோழியரே, இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ 'டப்' என்ற ஓசை, சில மணி நேரத்திற்குள் பெரும் வீக்கம், பின்னர் கால் பிடிப்பற்று நழுவுதல் ஆகிய மூன்றும் இருந்தால் அது வெறும் சுளுக்கு அன்று. எலும்பு மூட்டு மருத்துவரைக் காண வேண்டும். அவர் முழங்காலைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். அந்தக் கைச் சோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதனை உறுதி செய்யும். நம் நகரில் 'பெரியாஸ்பத்திரி' என்று எல்லோரும் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையிலும் எலும்பு மூட்டுக்குத் தனிப் பிரிவு உண்டு.

எல்லோருக்கும் அறுவை வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே விடை. 2010ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு மருத்துவர்கள் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மறு பிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னர் அறுவை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு முடிவில் மறு பிரிவினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அறுவை செய்துகொள்ளாமலே இருந்தனர்.

நேராக நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் போதும் என்பவர்கள் பயிற்சியாலேயே நலம் பெறலாம். திரும்பித் திரும்பி ஓடும் கோ-கோ, கபடி, கால்பந்து போன்ற ஆட்டங்களுக்குத் திரும்ப விரும்புவோருக்கும், அன்றாட நடையிலேயே கால் நழுவுவோருக்கும் அறுவையை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டிசம்பரில் எனக்கு அறுவை நடந்தது.

அறுவையில் நடப்பது என்ன?

இவ்வறுவைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்னும் மருத்துவர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த நாரைத் தைத்தார். 1917இல் ஹே குரோவ்ஸ் என்பவர் ஒரு படி மேலே சென்று, அறுந்ததைத் தைப்பதற்குப் பதிலாக, தொடையின் உறைத் திசுவைக் கொண்டு புதிய நாரையே அமைத்தார். இன்றைய அறுவைக்கு அடிப்படை அதுவே.

இப்போது முழங்காலைப் பெரிதாகத் திறப்பதில்லை. சிறு துளைகள் வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழலைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். நோயாளியின் தொடைப் பின்புறத் தசைநாணையோ, முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து மாற்று நாராக்குகிறார்கள். மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் சிறு சுரங்கங்கள் குடைந்து, ஊசியில் நூல் கோப்பது போல அந்நாரைக் கோத்து, திருகாணியாலோ சிறு பொத்தான் போன்ற கருவியாலோ இறுக்குகிறார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதால் வலி தெரியாது. ஓரிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மருத்துவரின் வேலை அந்த ஓரிரண்டு மணி நேரம். நம் வேலையோ ஒன்பது மாதம்!

நட்ட நாற்றும் வைத்த நாரும்

மேலூர்ப் பக்கம் நடவு பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் தளதளவென்று நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால், அது உடனே செழிப்பதில்லை. சில நாள் வெளுத்து, துவண்டு நிற்கும். வேர் பிடித்த பின்னரே பச்சை கட்டும். அந்த நாள்களில் ஆடோ மாடோ வயலில் இறங்கினால் பயிர் போயிற்று.

முழங்காலில் வைத்த மாற்று நாரும் அப்படித்தான். எடுத்து வைத்த போது அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. உள்ளிருக்கும் உயிரணுக்கள் பல மடிகின்றன. பிறகு சுற்றிலுமிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்கின்றன. புதிய உயிரணுக்கள் குடியேறுகின்றன. பழைய இழைகளைக் கலைத்துப் புதிய இழைகளைப் பின்னுகின்றன. பழையதைக் கலைக்கும் அந்தக் கட்டத்தில், அதாவது ஏறத்தாழ ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை, நார் மிகவும் வலிமை குன்றியிருக்கிறது. அது முழுமையாகப் பக்குவப்பட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இங்கேதான் வியப்பும் ஆபத்தும் உள்ளன. நார் மிக மெலிந்திருக்கும் அதே காலத்தில்தான் நமக்கு வலி முற்றிலும் நின்றுவிடுகிறது! வீக்கம் இல்லை, நடை சரியாகிவிட்டது, 'எனக்கு என்ன குறை?' என்று மனம் கேட்கிறது. வலி போய்விட்டது என்பதால் வலிமை வந்துவிட்டது என்று பொருளாகாது.

மாதங்களின் படிக்கட்டு

முதல் இரண்டு வாரம்: அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ பயிற்சி தொடங்கிவிடுகிறது. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கி விடுதல், காலை நேராக வைத்துத் தூக்குதல் ஆகியவை முதற்பாடங்கள். என் தொடைத் தசை முதல் நாள் என் பேச்சைக் கேட்கவே இல்லை. 'இறுக்கு' என்று மனம் சொல்ல, தசை தூங்கியது. இது எல்லோருக்கும் நேர்வதே என்று பிசியோதெரபிஸ்ட் தேற்றினார். இக்காலத்தின் முதற்கடமை முழங்காலை முழுவதும் நீட்டுவது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும். ஆனால் கால் வளைந்தபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும்.

இரண்டு முதல் ஆறு வாரம்: ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாக விடுதல், நொண்டாமல் நடத்தல், மெல்ல மெல்ல முழங்காலை மடக்குதல். மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் இது இன்னும் மெதுவாக நடக்கும்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம்: நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், சிறு படி ஏறி இறங்குதல், சுவரில் சாய்ந்து அரை உட்காருதல். மேலே சொன்ன மெலிந்த காலம் இதுவே. ஓட்டமும் குதித்தலும் கூடா.

மூன்று முதல் ஆறு மாதம்: சமதரையில் நேராக மெல்லோட்டம். ஆறு முதல் ஒன்பது மாதம்: இரு காலால் குதித்தல், பின் ஒரு காலால் குதித்தல், வளைந்து ஓடுதல். ஒன்பது மாதத்திற்குப் பின்: தேர்வில் தேறினால் ஆட்டம்.

ஆம், இதற்கும் தேர்வு உண்டு! அறுவை செய்த காலின் தொடை வலிமை, நல்ல காலின் வலிமையில் நூற்றுக்குத் தொண்ணூறு விழுக்காடாவது இருக்க வேண்டும். ஒற்றைக் காலால் தாவி, தாவிய தூரத்தை நாடாவால் அளந்து இரு கால்களையும் ஒப்பிடுவார்கள். நாள்காட்டி மட்டும் போதாது. காலும் சாட்சி சொல்ல வேண்டும். இக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆதலால் அவரவர் மருத்துவர் சொல்வதே அவரவர்க்கு விதி.

நம் வீட்டில் கவனிக்க வேண்டியவை

நாம் தரையில் சம்மணமிட்டு உண்பவர்கள். தரையில் பாய் விரித்து உறங்குபவர்கள். மருத்துவர் அனுமதி தரும் வரை பல மாதம் இவை கூடா. குந்தி அமரும் கழிப்பறையே பெருஞ்சிக்கல். என் தந்தையார் நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றை வாங்கி அதன் மேல் வைத்தார், சிக்கல் தீர்ந்தது. குளியலறைத் தரை ஈரமின்றி இருக்க வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் தணியும். வெறும் பனிக்கட்டியைத் தோலில் வைக்கலாகாது.

பத்தியம் பற்றி ஒரு சொல். "முட்டை தின்றால் புண் சீழ் பிடிக்கும்" என்று பக்கத்து வீட்டார் கூறினர். மருத்துவர் சிரித்துவிட்டு, முட்டையும் மீனும் பருப்பும் பயறும் பாலும் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். தசை வளரப் புரதம் வேண்டுமல்லவா?

ஆனால் சிரித்து ஒதுக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு, கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்னவை கிருமித் தொற்றையும், பின்னவை இரத்தம் உறைந்து குழாயை அடைப்பதையும் குறிக்கலாம்.

அவசரமும் பொறுமையும்

எங்கள் தெருவில் கபடி ஆடும் அண்ணன் ஒருவர் உண்டு. எனக்கு முன்பே, அந்த ஆகஸ்டில், அவருக்கு இதே அறுவை நடந்தது. ஐந்தாம் மாதம் பொங்கல் வந்தது. ஊரெல்லாம் விளையாட்டு விழா. "வலியே இல்லை, ஒரு ஆட்டம்தானே" என்று களத்தில் இறங்கினார். இரண்டாம் பாட்டிலேயே நார் மீண்டும் அறுந்தது. நான் ஊன்றுகோலுடன் அவரைப் பார்க்கப் போனபோது, "நீயாச்சும் அவசரப்படாதே பாப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அவர் ஒருவர் மட்டுமல்லர். 25 வயதுக்கு உட்பட்டு மீண்டும் ஆடப் போனவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ மீண்டும் நார் அறுகிறது என்று 2016இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு ஆறுதல் தருகிறது. ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்திற்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறதாம். பொறுமைக்கு இதைவிடப் பெரிய கூலி உண்டோ?

புகழ் பெற்றோரும் இவ்வழியே நடந்தவர்கள்தாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 0.15 புள்ளியில் பதக்கத்தைத் தவறவிட்ட திரிபுராவின் தீபா கர்மாகருக்கு 2017 ஏப்ரலில் இந்த அறுவை நடந்தது. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் அவர் தங்கம் வென்றார். இடையில் பதினைந்து மாதம்! எனினும் அதே ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே முழங்கால் மீண்டும் தொல்லை தந்தது. அவர் மனம் தளரவில்லை. 2024இல் ஆசிய சாம்பியன் போட்டியில் தங்கம் வென்ற பின்னரே ஓய்வு பெற்றார். 2022 டிசம்பர் 30இல் கார் விபத்தில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், முழங்கால் லிகமென்ட் அறுவைக்குப் பின் 2024 மார்ச்சில்தான் மீண்டும் களம் கண்டார். நாடே காத்திருந்த வீரருக்கே அத்தனை மாதம் என்றால் நமக்கு என்ன அவசரம்?

இவ்வாண்டு ஆகஸ்டில் மண்டலப் போட்டி வந்தது. என் பள்ளி வாழ்வின் கடைசிப் போட்டி. எட்டு மாதம் முடிந்திருந்தது. வலி துளியும் இல்லை. ஆனால் சோதனையில் என் தொடை வலிமை எண்பது விழுக்காடே இருந்தது. உடற்கல்வி ஆசிரியை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அன்றிரவு அழுதேன். மறுநாள் மதிப்பெண் குறிக்கும் மேசையில் அமர்ந்தேன். எங்கள் அணி அரையிறுதியில் தோற்றது. நான் ஆடியிருந்தால் வென்றிருப்போமோ என்ற எண்ணம் இன்றும் எழுகிறது. ஆயினும் அக்டோபரில் தேர்வில் தேறி மீண்டும் கம்பத்தைச் சுற்றி ஓடியபோது, அந்த மேசையில் அமர்ந்தது சரியே என்று உணர்ந்தேன்.

வருமுன் காப்போம்

ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நார் அறுவது பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது நாம் முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்குகிறோம். முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. பின்தொடைத் தசை முன்தொடைக்கு ஈடாக வலுப்பெறுவதில்லை. இவை முக்கிய காரணங்களுள் சில. இவற்றைத் திருத்தலாம். ஓசையின்றி, முழங்காலை மடக்கி, முழங்கால் கால்விரல்களுக்கு நேராக நிற்கும்படி இறங்கப் பழக வேண்டும். ஒற்றைக் காலில் நிற்றல், பின்தொடைப் பயிற்சி, முறையான உடல் சூடேற்றல் ஆகியவற்றை ஆட்டத்திற்கு முன் பதினைந்து இருபது நிமிடம் செய்தால் இக்காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கள் கோ-கோ அணியில் இப்போது இப்பயிற்சி முடியாமல் எவரும் களத்தில் இறங்குவதில்லை.

முடிவுரை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு பகுதிகளைச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். நான்கில் முதலாவதாக நோயாளியை வைத்தது ஏன் என்று தமிழ் வகுப்பில் நான் யோசித்ததில்லை. இந்த ஓராண்டில் யோசித்தேன். மருத்துவர் நாரை வைத்தார். மருந்து வலியைத் தணித்தது. அப்பத்தா ஒவ்வொரு காலையும் என் கட்டிலருகே அமர்ந்து, காலைத் தூக்கும்போதெல்லாம் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார். ஆனால் காலைத் தூக்க வேண்டியவள் நானேதான்.

தோழியரே, நன்றாக ஓடுங்கள், நன்றாக ஆடுங்கள். விழுந்தால் எழுங்கள். எழ முடியாதபடி விழுந்தால், காத்திருக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.